பத்தொன்பதாம் மேசை

தூண் மறைக்கிறது. மேடையில் பாதி அன்வர்தீன்தான் தெரிகிறார்.
திரையில் முழுசாக:
செனோக்கோ தொழிற்சாலை, உறையவைத்த பரோட்டா,
பதினோரு நாடுகள், இருநூற்று நாற்பது ஊழியர்கள்.
ஆண்டின் சிறந்த தொழில்முனைவர்.

படத்தில் ஒரு நொடி
கன்வேயரில் நகர்ந்துபோனது என் அட்டைப்பெட்டி.
ஓரத்தில் பசை சற்று விலகிய அதே பெட்டி.
பக்கத்து நாற்காலி வங்கிக்காரரிடம் சொல்ல நினைத்தேன்;
அவர் காளான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

மூன்று பில் நிலுவை. தொண்ணூற்றிரண்டு நாள்.
கைதட்டும்போதும் அந்தக் கணக்கு
உள்ளங்கைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் நோய்முறியடிப்பு மாதங்களில்,
என் வெட்டும் இயந்திரத்தை எடுத்துப்போக
ஆள் வந்து நின்ற காலையில்,
செய்யாத பெட்டிகளுக்கு முழுப்பணம் அனுப்பியவரும் இவர்தான்.
"சரக்கு மெதுவா வரட்டும்" என்று ஒரே வரி.
நடுவர்கள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.
விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

நன்றியுரையில் அமைச்சு, வாரியம், மனைவி ருக்கையா,
மாவு பிசையும் இரவுநேர அணி.
பெட்டி வரவில்லை.

பிறகு மேசை மேசையாக வந்தார்.
கண்ணாடி விருதை என் மடியில் வைத்து,
"கனமா இருக்கு மீனலோசனி, வண்டியில உருளுமே,
இதுக்கு ஒரு பெட்டி கிடைக்குமா?"

விரலால் அளந்தேன்.
உயரம் ஒன்றரைச் சாண், அகலம் எட்டு விரல்.
உள்ளே நுரை வேண்டும்.

"நாலாவது பில்" என்றேன்.
வாய்விட்டுச் சிரித்தார்.
நான் சிரிக்கத் தொடங்க
ஒரு நொடி ஆனது.