காலி வண்டி எடை

காலை ஆறு மணிக்கு
அரை நகம் அளவில் ஒரு வெள்ளை மாத்திரை.
ஏழுக்குள் மூன்று தடவை,
எட்டரைக்குள் இன்னும் இரண்டு.
எடைமேடையிலிருந்து கழிப்பறைக்கு
எண்ணி நாற்பத்தோரு தப்படி.
அதற்குள் ஹாரன் அடித்துவிடுவார்கள் டிரைலர்காரர்கள்.
'இன்னா கோதண்டம், தண்ணி லாரி ஆயிட்டியா?'

ஆகத்தான் வேண்டியிருந்தது.
கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால்
விழுந்த குழி அப்படியே நிற்கும்,
மழை முடிந்த பொன்னேரி நெடுஞ்சாலை மாதிரி.
முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது.
செருப்பு வார் பழைய ஓட்டைக்குத் திரும்பியது.
வடிவு தினமும் காலண்டரில் குறித்தாள்:
அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு இருநூறு, அறுபத்தேழு.
சிலிண்டர் வந்த தேதியை எழுதும் அதே பென்சில்.

ஒன்பதாம் நாள் ராத்திரி
நெஞ்சுக்குள் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள்.
படுத்தால் விசில்.
உட்கார்ந்தால் இருமல்.
எழுந்து நின்றால் ஜன்னல்.
ஜன்னலைத் திறந்தால் மணலி.

ஸ்டான்லியில் புற நோயாளிகள் பெஞ்சு.
எங்கள் மூன்று பேர் மடியிலும் அதே வெள்ளை அட்டை.
காசிமேட்டு பியூலா சொன்னாள்,
'போட்ட அரை அவர்ல தொண்டைல
நண்டு கவ்வுன மாதிரி கீதுண்ணா.'
பேண்ட்டுக்கு ஜிப் வைத்துத் தரும் ஹயாத் பாஷா
நாலு நாள் நிறுத்திப் பார்த்தாராம்.
'காலும் வீங்கிச்சு. மூச்சும் வாங்கிச்சு.
ரெண்டு பக்கமும் நஷ்டம்.'

மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்டதில்லை.
எங்கள் ஏரியாவில் அதை நிறுத்து விற்றிருந்தால்
கலப்படம் என்று
அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்போம்.

டாக்டர் சின்னப் பெண்.
காதில் பேனா, முன்னால் ஒரு படிவம்.
'மாத்திரைக்கு முன்னாடி இந்த இளைப்பு இருந்துச்சா?'

முன்னாடி என்றால் எதற்கு முன்னாடி?
கொடியில் காயும் வெள்ளை வேட்டியில்
கரி விழத் தொடங்கியதற்கு முன்னாடியா?
ராத்திரி இரண்டு மணிக்கு
அழுகின முட்டை நாற்றம் எழுப்பிவிட
தெருவே ஈரத்துண்டோடு நின்றதே, அதற்கா?
வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.
அதையே பதிலாக எழுதிக்கொண்டார்.

படிவத்தின் தலையில் இருந்தது: பக்க விளைவு.
எந்தப் பக்கம், டாக்டர்?
மேற்கே ஆலை, வடக்கே சாம்பல்,
கிழக்கே கடல். அதுவும்
மத்தியானம் காற்று திரும்பினால்தான்.
கேட்கவில்லை. எனக்குப் பின்னால்
எழுபது பேர் நின்றார்கள்.

முதுகில் குழாயை வைத்துக் கண்ணை மூடினார்.
திரையில் எண் ஆடி அடங்கும்வரை
நான் காத்திருப்பேனே, அந்த மாதிரி காத்திருந்தார்.
'நீங்களா நிறுத்தக் கூடாது. வேற மாத்தித் தர்றேன்.
இந்த மாத்திரை காரணமா இருக்கலாம்.'

இருக்கலாம்.
எடைச்சீட்டு மாதிரி அந்தச் சொல்லை மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
மாத்திரையாகவே இருக்கட்டும் என்று
ராயபுரம் பாலம் ஏறும்வரை வேண்டிக்கொண்டே வந்தேன்.
மாத்திரை என்றால் மாற்றலாம்.

ராத்திரி ஷிப்டில் இரண்டு வண்டிக்கு நடுவே
யாரும் இல்லாதபோது மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
உள்ளே வந்து பார்க்கவும் வடிவைத்தான் கூப்பிட வேண்டும்;
நின்றபடியே கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன்.
அறுபது கிலோ.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
இறங்கிய நீர் அதன் கணக்கில் இல்லை.
ஏறிய மூச்சும் இல்லை.

ஹாரன்.
தார்ப்பாய் சரியாக மூடாத ஒரு கரி வண்டி.
இறங்கி ஓரமாக நின்று
வழக்கம்போல் கேட்டேன், 'காலியா, லோடா?'
டிரைவர் பையன், இருபத்திரண்டு இருக்கும்,
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
கொஞ்ச நேரம் இருமினான்.
பிறகு சொன்னான்,
'லோடு.'