நீலம், எண்பத்து மூன்று

பலகையில் ஒரு நரி,
முதுகில் கோதுமைக் கட்டு.
மழையில் அதன் ஒரு கண் அழிந்துபோயிற்று.
மிச்சக் கண்ணால் எங்களைப் பார்க்கிறது,
வந்துட்டிங்களா, இந்த ஞாயிறும்?

எவண்டேலில் கார் நிறுத்த எப்போதும் இடமுண்டு.
உலகம்மாள்தான் முதலில் உள்ளே போவாள்.
நான் வாசலில் ஒரு கணம் நிற்பேன்,
செருப்பைக் கழற்றணுமோ என்று,
டாஸ்மேனியாவில் பதினாறு வருடம் கழிந்த பிறகும்.

உள்ளே கணப்பு. ஈரக் கம்பளி வாசம்.
யாருடையதென்று தெரியாத ஒரு நாய்.
தாழ்ந்த உத்தரத்தில் சுண்ணாம்பு எழுத்து:
குனி, அல்லது முனகு.
நெட்டையாய் வளர்ந்ததற்கு
நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

இங்கிலாந்தைப் பிரித்துக் கட்டிக் கப்பலேற்றி
இங்கே இறக்கிக் கோத்தவர்கள்
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் யூகலிப்டஸை
என்ன செய்வதென்று தெரியாமல்
திரைச்சீலை போட்டிருக்கிறார்கள்.

கணப்பின் செங்கல் கைதிகள் அறுத்தது.
ஒன்றில் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது.
பீர் வரும்வரை
என் விரலை அதில் வைத்துப் பார்ப்பேன்.
பொருந்துவதில்லை.
மிகச் சின்ன விரல்.

மோர்வென் ஊற்றுகிறாள்.
பெயரில் மோர்; குழாயில் கரும்பழுப்பு பீர்,
வெதுவெதுப்பாய்.
ஐஸ் கேட்டால் ஒரு புருவம் மட்டும் உயரும்.
கரும்பலகையில் ஆட்டுத்தொடை ரோஸ்ட்,
சிறுநீரகம் போட்ட பை, ரொட்டியோடு ஈரல்,
கடைசியில், இடம் போதாமல் சரிந்து,
பூசணி சூப்.
எங்களுக்கு இரண்டு பூசணி சூப்.
எப்போதும் இரண்டு பூசணி சூப்.

பக்கத்து மேசையில் கத்தி தொடையில் இறங்குகிறது.
நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.
திரைச்சீலையைப் பார்க்கிறேன்.

தீயணைப்பு வண்டிக்கு டயர் வாங்க
சீட்டுக் குலுக்கல்.
இரண்டு டாலருக்கு மூன்று சீட்டு.
டயருக்குத்தானே என்று உலகம்மாள் வாங்கினாள்.
மோர்வென் மணியடித்தாள். நாய் எழுந்தது.
நீலம், எண்பத்து மூன்று!

எட்டு ஆட்டு நெஞ்செலும்பு,
மாலைபோல் சுருட்டிய சாசேஜ்,
பன்றிக்கறிச் சீவல், ஓரத்தில்
பிளாஸ்டிக் கொத்தமல்லி.
தென்காசியில் முட்டை விற்ற கடையைக்கூடச்
சுற்றிப் போன வீட்டுப் பெண்
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.
கடையே கைதட்டியது.

இருபது டாலர் தரேன் என்றார்
தொடையை முடித்த விவசாயி.
நான் வாயைத் திறக்கும் முன்னே அவள்
அழகான ஆங்கிலத்தில் சொன்னாள்:
மன்னிக்கணும், வீட்டில் சாப்பிட ஆள் இருக்கு.

யார் என்று நான் கேட்கவில்லை.

தட்டைப் பின்சீட்டில் வைத்தோம்.
கிளம்பியதும் கார் கீச்சிட்டது:
யாரோ பெல்ட் போடவில்லையாம்.
உலகம்மாள் இறங்கிப் போய்
எட்டு நெஞ்செலும்புக்கும் பெல்ட் மாட்டிவிட்டு வந்தாள்.

"செவ்வாக்கிழமை தோறும் சட்டையில ரோஸ்மேரி வாசம்.
மொதல்ல எவளோன்னுதான் நெனச்சேன்.
அழுதுகூடப் பாத்தேன், ரெண்டு நாளு.
அப்புறம் சீட்டுக்கு அடியில
எலும்பு கெடந்துச்சு."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய?
பதினோரு வருசம்.
கொல்லைல அடுப்பப் போட்டுக்கிடுங்க.
என் தோசைக்கல்லு மேல கை வச்சிய,
அவ்ளோதான்."

கண்ணாடியில் ஒற்றைக்கண் நரி
சிறுத்துக்கொண்டே வந்தது.
காருக்குள் உத்தரம் ஏது?
இருந்தும் குனிந்தேன்.
கொஞ்சம் முனகவும் செய்தேன்.