மீதி

இரவு ஒரு மணிக்கு வேலையால் வந்தேன்.
சாம்பவியின் கணக்குக் கொப்பிமேல் ஒரு துண்டு:
"அப்பா, இது வரேல்லை."

பில் தாளின் பின்பக்கம்
நூற்று ஐம்பத்தேழைப் பன்னிரண்டால் பிரித்து வைத்தேன்,
எனக்குத் தெரிந்த மாதிரி,
ஈவு தலைக்கு மேல்.

வெள்ளிக்கிழமை மதாம் பெரோ வரச் சொன்னா.
பொபினியில் மழை.
ஒன்பது வயதுக்கான கதிரை;
முழங்கால் நெஞ்சில் இடித்தது.
தாளில் சிவப்பு மை.
பிழை என்றே நினைத்தேன்.

அவ சோக்கட்டியை என்னிடம் நீட்டினா.
"உங்கட மாதிரி செய்து காட்டச் சொல்லுறா."

கரும்பலகையில் அவவின் கணக்கு:
வகுக்கும் எண் வலப்பக்கம், ஈவு அதன் கீழே.
பக்கத்தில் என்னுடையது, கோணலாய்.
பதின்மூன்று. பதின்மூன்று.
இரண்டிலும் மீதி ஒன்று.

"அந்த ஒன்றை என்ன செய்யிறது?"
கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் கேட்டான்.

மதாம் என்னைப் பார்த்தா.
நான் அவவைப் பார்த்தேன்.