செப்டம்பருக்குள் நாலாயிரம்

நாங்கள் செய்வது லிஃப்ட்டுக்கான பிரேக்.
கயிறு அறுந்தால் கவ்விக்கொள்ளும் இரும்புத் தாடை.
நல்ல பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை.
கெட்டதை ஒரே ஒருமுறை பார்ப்பார்கள்.

பிளோவ்திவ் நகரின் தெற்கு ஓரம்.
முன்பு தக்காளியை டப்பாவில் அடைத்த கூடம்;
மழை பெய்தால் சுவர் இன்னும் புளிக்கும்.
நான் சேர்ந்தபோது பதினாறு பேர்.
இப்போது சம்பளப் பட்டியலை அச்சிட்டால்
ஐந்து தாள்.

வாசலை ஒட்டி உள்ளே ஓர் அலமாரி.
பழுதான உருப்படியை அதில் வைப்பது வழக்கம்,
செய்தவர் பெயரெழுதிய சீட்டோடு.
"வெலின். ஸ்பிரிங் தலைகீழ். காலையில் மனைவியோடு சண்டை."
"ஸ்த்ராவ்கா. அவசரம். வேறு காரணமில்லை."
வெள்ளிக்கிழமை காபியோடு நின்று வாசிப்போம்.
சிரிப்போம். அதற்குமேல் தண்டனை கிடையாது.
யார் தொடங்கி வைத்தது என்று கேட்டால்
ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

நான் ஸ்லைடு போடுகிறவன்.
சோஃபியாவிலிருந்து அதற்கென்றே அழைக்கப்பட்டவன்.
மூன்று ஆண்டு, மூன்று நாடு, இரண்டு ஷிஃப்ட்;
அம்புக்குறி எல்லாம் வலப்பக்கம், மேலே.
ஏழாவது ஸ்லைடில் "நம் பண்பாடு" என்று போட்டு
அலமாரியின் படத்தை ஒட்டினேன்.
ஆறாவதில் அந்த அலமாரியை அகற்றச் சொல்லியிருந்தேன்:
பழுதைப் பெயரோடு காட்சிக்கு வைக்கும் கம்பெனிக்கு
என்ன பிரீமியம் போடுவது என்று
காப்பீட்டுக்காரர் கேட்கிறார்.
இரண்டையும் ஒரே இரவில் எழுதினேன்.
நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரலில் ரோட்டர்டாமிலிருந்து யோரிஸ் வந்தார்.
மாதம் நாலாயிரம், செப்டம்பருக்குள். முடியுமா?
கூடத்தில் நின்ற அத்தனை தலையும்
மேலும் கீழும் ஆடின.
எங்கள் ஊரில் அது "இல்லை".
அவர் ஊரில் "ஆமாம்".
பூரித்துப்போய்க் கை நீட்டினார்.
எங்கள் முதலாளி ராதோஸ்தினா
வாயைத் திறந்தாள்.
அவளுக்குப் பின்னால் புதுக் கூரைக்கு வாங்கிய கடன் இருந்தது,
நான் இருந்தேன், ஸ்லைடு இருந்தது.
மூடிக்கொண்டாள்.

மே மாதம் இரவு ஷிஃப்ட் வந்தது.
பாதிப் பேர் கிர்கிஸ்தானிலிருந்து.
முகம் தெரியாதவரின் தவறுக்கு
எப்படிச் சிரிப்பது?
சீட்டில் பெயருக்குப் பதில் எண் வந்தது.
பிறகு எண்ணும் நின்றது.
அலமாரி காலி.
பழுது குறைந்ததென்று ஒரு கோடு வரைந்தேன்,
கீழ்நோக்கி, பச்சையில்.
கழிவுத் தொட்டியைத் தூக்க வந்த வண்டிக்காரர்தான் கேட்டார்,
"என்ன, முன்னைவிடக் கனக்கிறதே?"

ஜூன் கடைசி வெள்ளி.
லிண்டன் பூ வாசமும் பெயிண்ட் வாசமும் ஒன்றாக.
ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடத்தில்
ராதோஸ்தினா வந்து நடுத்தட்டில் வைத்தாள்
ஒப்பந்தத்தை, நாற்பத்திரண்டு பக்கம், ரப்பர் வளையம் போட்டு.
சீட்டு:
"ராதோஸ்தினா. தலையசைப்பை மொழிபெயர்க்கவில்லை. பயம்."

யாரும் சிரிக்கவில்லை.
வெலின் காபியை ஆறவிட்டான்.
இரவு ஷிஃப்ட்டுக்காரன் ஒருவன்
(அஸ்காத் என்று பிறகு தெரிந்தது)
தன் பைக்குள்ளிருந்து விரிசல் விட்ட தாடையை எடுத்தான்.
வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்தது போலும்.
காகிதம் பறக்காமலிருக்க
ஒப்பந்தத்தின்மேலேயே வைத்தான்.
எழுதப் பேனா கேட்டான்.
கொடுத்தேன்.
இன்றுவரை திருப்பித் தரவில்லை.

ரோட்டர்டாமுக்குப் பேசும் வேலை எனக்கு வந்தது.
இரண்டாயிரத்து அறுநூறு, என்றேன்.
மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம்.
விலையைக் குறைத்தார்.
கூரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது;
வாளிகளை எங்கெங்கே வைப்பதென்று
வரைபடம் போட்டுத் தந்திருக்கிறேன்.
காப்பீட்டுக்காரருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
ஆறாவது ஸ்லைடை அழிக்கவுமில்லை.

கூட்டங்களில் இப்போது
"வாயால் சொல்லுங்கள்" என்கிறாள் ராதோஸ்தினா.
சரி என்று பழைய ஆட்கள்
தலையை இடவலமாக ஆட்டுகிறார்கள்.
புதியவர்கள் என்னைப் பார்க்கிறார்கள்.