பதினோராம் கேள்வி

"எப்படித் தொற்றியது?"
படிவத்தில் ஐந்து கட்டம்.
ஒன்றில் டிக் அடித்தால் போதும்,
அடுத்த ஆளைக் கூப்பிடலாம்.

தேசம்மாள் பீடித்தூள் வாசனையோடு உட்கார்ந்திருக்கிறாள்.
குடியாத்தத்திலிருந்து அடுக்கம்பாறைக்கு முதல் பஸ்.
விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது,
ரேஷன் கடை மெஷின் போன மாதம்
அவளை அவள் இல்லை என்றதாம்.

"லாரி டியூ" என்றாள்.
எனக்குப் புரியவில்லை.

"டியூ கட்ட முடியல சார்.
வண்டியப் பைனான்ஸ்காரன் தூக்கினு போய்ட்டான்.
சொந்த வண்டி இருந்தப்ப
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுனா வூடு.
அப்புறம் எவன் வண்டியோ. நாக்பூர், குவாஹாத்தி,
இருபத்தஞ்சு நாள், முப்பது நாள்.
செக்போஸ்ட்ல நாலு நாள் நிக்க வெச்சா
மனுசன் எங்க படுப்பான்?"

கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அங்கே ஒருத்தி இருந்திருப்பாள்.
அவளுக்கும் ஏதோ ஒரு டியூ.
அவளை எந்த ஊர்ப் படிவம் கேட்டதோ,
கேட்காமலே விட்டதோ.

"அப்போ நீங்க ஆணுறை..." என்று இழுத்தேன்.
அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு
நாற்பது தரம் சொல்கிறவன் நான்.
சிரித்தாள்.

"ஆயிரம் பீடி சுத்துனா அரிசிக்குப் பாதி,
குழுக் கடனுக்குப் பாதி.
மாசம் ஒரு தபா
சம்பளத்தோட வர்ற ஆள் கிட்ட
இத மாட்டுன்னு
எந்த வாயால சார் சொல்றது?"

முனிரத்தினம் செத்துப் பதினாலு மாசம்.
காரியத்துக்கு வந்தவர்கள்
காபியைத் தொடாமல் போனார்கள்.
மகனுக்கு நெகட்டிவ்.
அதை மட்டும் மூன்று தரம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் ஊரிலேயே மாத்திரை தருகிறார்களே என்றேன்.
"அங்க சீட்டு எழுதுறவரு எங்க தெரு."
பஸ் காசு போக
ஒரு நாள் பீடியும் போகிறது
அந்தத் தெருவுக்காக.

டப்பாவைத் திறந்து
மாத்திரைமேல் பஞ்சு அடைத்தாள்.
குலுங்கக் கூடாது,
பக்கத்து சீட்டுக்குக் காது உண்டு.
லேபிளை நகத்தால் சுரண்டினாள்,
என் மேசை முழுக்கக் காகிதத் துணுக்கு.

முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.
ஓரத்தில் பென்சிலால் 'லாரி டியூ'.
கணினியில் ஏற்றும் பெண் போன தடவையே சொன்னாள்,
சார், இதுக்கெல்லாம் கோட் நம்பர் கிடையாது.

பெயரைக் கூப்பிடக் கூடாது.
நூற்றுப் பதினேழு,
உள்ளே வரலாம்.