பதினோராம் வளைவு

சாவியைக் கையில் வைக்கும்போது
ஜெகபர் சொன்னது மூன்றுதான்:
வாரம் ஒருதடவையாவது கிளப்பு.
செயினை எண்ணெய் இல்லாமல் விடாதே.
ரொம்ப மெதுவாக ஓட்டாதே, அதற்குப் பிடிக்காது.

முந்நூற்றுத் தொண்ணூறு சிசி.
பின்சீட்டு என்பது ஒரு மரியாதைக்கு.
நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவள்,
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவள்.
திங்கள் முதல் சனிவரை
கூத்தாநல்லூரில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது.
ஞாயிறு காலை ஐந்தரைக்கு
ஹெல்மெட்டுக்குள் எனக்கு முகமே கிடையாது.

இங்கே மலை இல்லை, கொண்டை ஊசி இல்லை.
வளைவு வேண்டுமென்றால்
ஆற்றிடம்தான் கேட்க வேண்டும்.
வெண்ணாறு ஒதுங்கினால் சாலையும் ஒதுங்கும்.
கோரையாறு முறுக்கிக்கொண்டால்
தாரும் முறுக்கிக்கொள்ளும்.
மூணாறு தலைப்பில்
எந்தப் பக்கம் போவதென்று
தண்ணீருக்கே ஒரு தயக்கம் இருக்கும்.

பார்வை போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும்.
பள்ளத்தைப் பார்த்தால் பள்ளம்,
வாய்க்காலைப் பார்த்தால் வாய்க்கால்.
இதை எனக்குச் சொல்லித்தந்தது
ஒரு வாய்க்கால்.

பங்குனியில் சாலையெல்லாம் உளுந்துச் செடி.
போகிற வண்டிகள் அடித்துக் கொடுக்கட்டும் என்று
பரப்பி வைத்திருப்பார்கள்.
மன்னார்குடி பஸ் ஏறிப்போகும், டிராக்டர் ஏறிப்போகும்,
நான் மட்டும் ஓரமாக,
ஒரு காலை ஊன்றி, பாதி கிளட்சில், கோழி மாதிரி.
"இவ்ளோ சத்தம் போடுற வண்டிய வச்சுக்கிட்டு
நாலு நெத்து ஒடைக்க முடியலயா ஒனக்கு?"
என்பார் செண்பகவல்லி, துடைப்பத்தைத் தோளில் போட்டு.
சாய்ந்திருக்கும்போது நாலு நெத்து போதும்,
நான்தான் உடைவேன்
என்று அவரிடம் எப்படி விளக்குவது.

டயரின் விளிம்பில் இன்னும் ஒரு விரல் அகலம்
தரையைத் தொடாத புது ரப்பர்.
என் பயத்தை அதில் அளந்துகொள்ளலாம்.
மாசம் ஒருமுறை படம் கேட்பான். அனுப்புவேன்.
"தையில ஒன்றரை விரல் இருந்துச்சு" என்று பதில் வரும்,
வேறொன்றும் இருக்காது.

தோஹாவில் அவன் ஏசி குழாய்களுக்கு
உறை சுற்றுகிறான்.
பந்தய வாரம் மட்டும் லீவு போட்டு
சம்பளமில்லாத மார்ஷல்.
பதினோராம் வளைவு, தடுப்புக்குப் பின்னால்,
விழுந்த வண்டியைத் தூக்கும் நாலு பேரில் ஒருத்தன்.

இங்கே இரவு மணி பத்தரை.
போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தேன்.
எனக்குப் பிடித்த அந்த நீல வண்டி ஐந்தாவது,
பிரேக் பிடிக்கையில் பின்சக்கரத்தைத் தூக்கி ஆட்டும்,
குளம்பை உதறும் கன்றுக்குட்டி.
சுற்றுக்கு இரண்டு விநாடி
அந்த வளைவைக் காட்டுவார்கள்.
எல்லோரும் முதல் வண்டியைப் பார்த்திருப்பார்கள்.
நான் தடுப்புக்குப் பின்னால் பார்த்தேன்:
வெள்ளை உடுப்பில் ஆறு பேர்,
ஆறு பேரும் ஜெகபர்.

பதினாறாம் சுற்றில் விழுந்தது, என் நீல வண்டிதான்.
முன்சக்கரம் மடிந்து, பொறி பறந்து,
சரளைக்குள் உருண்டு.
ஓட்டியவன் எழுந்து கையை உதறினான்.
எனக்கு மூச்சு வந்தது.
நாலு பேர் ஓடிவந்தார்கள்.
கடைசி ஆள் இடப்பக்கம் இழுத்து இழுத்து ஓடினான்.
அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்,
திருவாரூர் காலேஜ் மைதானத்தில்
முட்டி போனதற்கு அப்புறம் வந்த ஓட்டம்.
எஞ்சினை அணைத்தான்.
தூக்குவதற்கு முன்னால்
டேங்கை ஒருதரம் தட்டிக்கொடுத்தான்.
கேமரா போய்விட்டது.
யார் ஜெயித்தார்கள் என்று காலையில்தான் பார்த்தேன்.

ஒரு மணிக்கு மெசேஜ்:
"தூக்கிப் பாத்தேன். கனமே இல்ல.
நம்ம வண்டிதான் கனம்."

'உன்' இல்லை, 'என்' இல்லை.
போய் செயினைத் துடைத்தேன்,
அந்த நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில்,
துடைத்ததையே திரும்பவும்.

திங்கட்கிழமை பில் புத்தகத்தில்
என் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு.
"என்னம்மா இது, மையா?" என்றார்
பதினேழரை ஈரத்தோடு வந்திருந்தவர்.
மீட்டரை இன்னொருதடவை
வைத்துப் பார்த்தேன்.