பதினான்கு மெகாஹெர்ட்ஸில் ஒரு மறுப்பு

ஞாயிறு, பகல் ஒன்று பத்து.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பதினேழாம் மாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும்
திருமதி ஊயின் துணிக்கம்பத்துக்கும் நடுவே
நான் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி.
அதன் மறுமுனை, ஒரு வகையில்,
மொரீஷியஸுக்குக் கிழக்கே எங்கோ
என் தம்பி தயாபரனின் சரக்குக் கப்பல்.

“அக்கா, வீட்டை விக்கக் கையெழுத்துப் போடுவியா, மாட்டியா? ஓவர்.”

ஊருலகமே ஒட்டுக் கேட்கிற அலைவரிசையில்
கேட்கிற கேள்வியா இது?
பொத்தானை அழுத்தினேன்.
மாட்டேன் என்பதோடு நிறுத்தவில்லை.
அப்பா படுத்துக் கிடந்த ஐந்து மாதமும்
நீ எந்தத் துறைமுகத்தில் இருந்தாய் என்பதையும் சொன்னேன்.
விரலை எடுத்தேன்.

ஒன்றுமில்லை.
எந்நேரமும் வெடிக்கும் கடுகுச் சத்தம்கூட
அடங்கிவிட்டது.
ஒயரை முறுக்கினேன், பியூஸைப் பார்த்தேன்.
ரோஷக்காரன், அணைத்துவிட்டான்
என்று முடிவு கட்டினேன்.

வெளியே அதே வெயில்.
முறத்தில் ஆரஞ்சுத் தோல் சுருண்டுகொண்டிருந்தது.
வெளிச்சம் ஒரு சிட்டிகை கூடவில்லை,
ஒரு நிழலும் நகரவில்லை.

ஆனால் எட்டு நிமிடத்துக்கு முன்பே அங்கே
ஒரு கரும்புள்ளியின் ஓரம்
முறுக்கேறிய காந்தக் கயிறு தெறித்திருக்கிறது.
அவன் கேட்குமுன்பே
குறுக்கீடு புறப்பட்டுவிட்டது.

எக்ஸ் கதிர். என் பிழைப்பே அதுதான்.
வார நாளெல்லாம் ஆஸ்பத்திரியில்
கண்ணாடிக்குப் பின்னால் நின்று
“தாரிக் நஃபாஸ்... தஹான்...” என்பேன்.
மூச்சடக்கி நிற்பவரின் விலா
வெள்ளையாய் விழும்.
என் சட்டையில் குத்திய பட்டையை மாதாமாதம் அனுப்பி
எவ்வளவு வாங்கினேன் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

இன்று வந்தது அந்தக் கணக்கில் ஏறாது.
எண்பது கிலோமீட்டர் உயரத்தில்,
காற்று என்று சொல்லவே கூசும் அந்த மெல்லிசு
அத்தனையையும் தன் மேல் வாங்கிக்கொண்டது.
புற ஊதாவின் கொடிய பங்கு
அதற்கும் மேலேயே தீர்ந்துபோனது.
அடிபட்ட அணுக்கள் எலக்ட்ரானை உதற,
அந்தக் கலங்கலுக்குள் போன என் குரல்
வெளியே வரவில்லை.
தப்பிக் கீழே வந்த கொஞ்சம் புற ஊதா
துணிக்கவ்விகளின் நீலத்தைத் தின்றுகொண்டிருந்தது,
தினமும் போல.

முக்கால் மணி நேரம்.
முதலில் உயரத்து அலைவரிசையில்
யாரோ ஒரு ஜப்பானியர் எண்களை எண்ணினார்.
பிறகு இங்கே கடுகு பொரிந்தது.

“அக்கா... கேக்குதா?
நான் கேட்டதோட எல்லாம் அமுங்கிப் போச்சு.
நீ என்ன சொன்னே? ஓவர்.”

பொத்தானில் விரல்.
ஐந்து மாதமும் நாக்கில் இன்னும் சூடாகத்தான் இருந்தது.
திருமதி ஊய் வந்து
ஆரஞ்சுத் தோல்களை ஒவ்வொன்றாய்ப்
புரட்டிப் போட்டாள்.

“இங்கே நல்ல வெயில்” என்றேன்.
“அங்கே?”